மாமியார் மைனஸ் மருமகள்

திரை முழுக்கச் சிவப்பு. ரத்தமாக இருந்திருந்தால் கொழுந்தன் மயங்கி விழுந்து கொஞ்ச நேரம் ஓய்வாவது எடுத்திருப்பான். இது வெறும் கணினிச் சிவப்பு. ஆனாலும் அதைச் சுற்றி இருந்த ஐந்து பேரில் ஒருவருடைய முகம் மட்டும் நிஜ ரத்தத்தைப் பார்த்தது போலவே வெளுத்திருந்தது. அவர் பசையம்மா.

"தொண்ணூத்து நாலு சதவீதம் வித்தியாசம்," என்றார் காப்பாளர். "அதாவது இது எங்க வரைபடமே இல்ல. அசலை வீட்ல வெச்சுக்கிட்டு நகலைக் கொண்டாந்து கொடுத்திருக்காங்க."

"என் வீட்டுச் சுவத்துல காலண்டர் மாட்டவே இடமில்ல," என்றார் பசையம்மா. "கட்டில் அகலத்துக்கு ஒரு துறைமுகத்தை எங்க மாட்டுவேன்?"

விஷயம் இதுதான். அந்த வரைபடக் காப்பகத்தில் நூற்றைம்பது வயதான துறைமுக வரைபடம் ஒன்று இருந்தது. கையால் வரைந்தது, ஒரே பிரதி. நாலு இடத்தில் கிழிந்துபோயிருந்ததால், முப்பது வருடமாக அங்கே கிழிசல் ஒட்டித் தருகிற பசையம்மாவிடம் மூன்று வாரத்துக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும் முன் ஒரு புகைப்படம், திரும்பி வந்ததும் ஒரு புகைப்படம். இரண்டையும் ஒரு ப்ரோகிராம் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மாறிய இடத்தையெல்லாம் சிவப்பாக்கிக் காட்டும். காப்பக விதி அது. இத்தனை வருடத்தில் பசையம்மாவின் வேலைக்குச் சிவப்பு ஒரு கடுகளவுக்கு மேல் விழுந்ததில்லை. இன்று காலை திரையே பற்றிக்கொண்டது.

மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. போலீஸ் புகார் தட்டச்சாகித் தயாராக இருந்தது. அதில் இல்லாதது தலைவரின் கையெழுத்து மட்டும். அது விழுந்தால் பசையம்மாவுக்குப் போவது இந்த வேலை மட்டுமல்ல. வரைபடம் திருடியவள் கையில் இனி யார் ஒரு பழைய கடிதாசையாவது நம்பிக் கொடுப்பார்கள்?

இப்போது மணி பன்னிரண்டு நாற்பது.

அண்ணி கையிலிருந்த இன்ச் டேப்பைச் சர்ரென்று இழுத்து, டக்கென்று விட்டாள். பன்னிரண்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கடைகளின் சாம்பலைக் கிளறியவள்; இப்போது தனியாகத் துப்பறிகிறாள், பசையம்மாதான் அவளை வரவழைத்திருந்தார். 'தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்ததா' என்று கருகிய நாற்காலியின் காலைப் பார்த்தே சொல்வாள் என்று பெயர். அந்த வேலையை விட்டபோது அவள் கொண்டுவந்தது இரண்டு: இந்த டேப், யாரையும் நம்பாத குணம். கணவனின் தம்பி உதவியாளனாக வந்தது பிற்பாடு. ஆறு மாதத்துக்கு முன் அவனுக்கு ப்ரோகிராமர் வேலை போயிற்று. "சும்மா உக்காந்து ஃபேனைத் தேய்க்கறதுக்கு உங்க அண்ணிக்குப் பெட்டியாவது தூக்கு" என்று அண்ணன் சொன்னதோடு நியமன ஆணை முடிந்தது. அவன் அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கட்சிக்காரர்கள், காவலாளிகள், ஒருமுறை கைதான ஆள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"இந்த ப்ரோகிராம் யார் எழுதினது?" என்றாள் அண்ணி.

கணினிக்கு முன் உட்கார்ந்திருந்த இளைஞன் பாதிக் கையைத் தூக்கினான். காப்பகத்தின் கணினிப் பிரிவே அவன் ஒருவன்தான். எல்லோரும் அவனை மின்னல் என்றார்கள். மேஜைமேல் ஒரு கேடயம் இருந்தது. 'வேகத்துக்காக' என்று பொறித்திருந்தது.

"பழைய ப்ரோகிராமுக்கு மூணு மணி நேரமாகும்," என்றார் காப்பாளர் பெருமையாக. "நாங்க அதை ஆமைன்னுதான் சொல்லுவோம். இவன் போன மாசம் அதை ரெண்டு செகண்டுக்குக் கொண்டு வந்துட்டான்."

"மூணு மணி நேரம் எப்படி ரெண்டு செகண்டாகும்? சட்டியில வதக்கினாக்கூட அவ்வளவு சுருங்காதே."

இது கொழுந்தனின் பாடம். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒரு படத்துல பன்னிரண்டு கோடி புள்ளி இருக்கு அண்ணி. பழைய ப்ரோகிராம் தபால்காரர் மாதிரி. ஒவ்வொரு புள்ளி வீட்டுக் கதவையும் தட்டும். 'நீங்க எவ்வளவு வெளிச்சம்?'னு கேக்கும். அக்கம்பக்கத்துல இருபத்து நாலு வீட்டையும் விசாரிச்சு சராசரி போடும். அப்புறம் அடுத்த வீடு. இதுக்குப் பேரு லூப். பைத்தான் நல்ல ப்ரோகிராம் மொழிதான், ஆனா லூப் போட்டா ஒவ்வொரு வாசல்லயும் செருப்பைக் கழட்டி, திண்ணையில உக்காந்து, தண்ணி குடிச்சுட்டுத்தான் நகரும்."

"புதுசு?"

"ஊரையே மைதானத்துல நிக்க வெச்சு, மைக்ல ஒரே ஒரு கேள்வி. பன்னிரண்டு கோடி பேரும் ஒரே நேரத்துல பதில் சொல்லிடுவாங்க. லூப்பே கிடையாது."

"கூட்டத்துல நிறுத்திக் கேட்டா எல்லாரும் உண்மையா சொல்வாங்களா?"

"புள்ளிங்க ஓட்டா போடுது அண்ணி, பொய் சொல்ல?"

அண்ணி சிரிக்கவில்லை. "ஆமை இன்னும் உயிரோட இருக்கா?"

பழைய ப்ரோகிராம் மூலையில் கிடந்த ஒரு குறுந்தகட்டில் இருந்தது. கொழுந்தன் அதைத் தன் மடிக்கணினியில் ஏற்றினான். காப்பகக் கணினியில் ஏற்ற அண்ணி விடவில்லை. அது எதிர்க்கட்சியின் கணினியாம். இரண்டு புகைப்படங்களையும் கொடுத்து ஓடவிட்டபோது மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மடிக்கணினியின் விசிறி, வாடகை பாக்கி கேட்க வந்தவரைப் போல இரைய ஆரம்பித்தது. திரையில் ஒரே ஒரு வரி: முடிந்தது 0 சதவீதம்.

"மூணு மணி நேரம்னா மூணு அம்பத்திரண்டு," என்றான் கொழுந்தன். "நாலு மணிக்குக் குழு. எட்டு நிமிஷம் மிச்சம். நானே உக்காந்து இதை வேகமாக்கிடட்டுமா? லூப்பைத் தூக்க எனக்கு அரை மணி போதும்."

"சாட்சியை அவசரப்படுத்தாத. உளறிடும்."

"சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். பசையம்மா திருடலைன்னா, அந்தப் புது ப்ரோகிராமை எழுதினவன் கட்டை விரலைக் கழட்டி அருங்காட்சியகத்துல வைக்கணும்."

மின்னல் தன் கட்டை விரல்களை மேஜைக்கடியில் கொண்டுபோனான்.

"ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க," என்றாள் அண்ணி.

மின்னல் இரண்டு பொத்தான்களைத் தட்டினான். முன்னால் எடுத்த படம் ஒரு சட்டத்தில், பின்னால் எடுத்தது இன்னொன்றில். ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும் ப்ரோகிராம் வைத்த பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஒன்றில் மாமியார். இன்னொன்றில் மருமகள்.

காப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"எது மாமியார், எது மருமகள்?" என்று மின்னலைக் கேட்டாள் அண்ணி.

"அது... முன்னால எடுத்தது மாமியார். இல்ல, மருமகளா? ஒரு நிமிஷம்."

"நீங்க வெச்ச பேருதானே?"

"சும்மா, சின்னதா இருக்கட்டும்னு வெச்சேன்."

'சின்னதா' என்ற சொல்லுக்கும் மாமியாருக்கும் இருந்த தூரத்தை அண்ணி மனதுக்குள் அளந்து வைத்துக்கொண்டாள். கொழுந்தன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

ஒரு மணி இருபது. ஆமை 14 சதவீதம்.

அண்ணி நாற்காலியைத் திரைக்கு ஒட்டி இழுத்துப் போட்டுச் சிவப்பைப் பார்த்தாள். பத்து நிமிடம் பார்த்தாள். டேப் சர்ர், டக். சர்ர், டக். காப்பாளர் அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் கண்ணைச் சிமிட்டினார்.

"இங்க பாருங்க," என்றாள் கடைசியில். "மிச்சம் ஆறு சதவீதம் சிவப்பாகல. எந்த ஆறு?"

கொழுந்தன் திரும்பி வந்திருந்தான். குனிந்து பார்த்தான். கருப்புக் கோடுகள். கரை, படகுத் துறை, கலங்கரை விளக்கம், ஆழம் குறித்த பொடி எண்கள்: மை பட்ட இடம் எதிலும் சிவப்பு இல்லை. வெறும் காகிதம் மட்டும் எரிந்தது.

"அப்போ திருடி எப்பேர்ப்பட்டவங்க பாருங்க," என்றாள் அண்ணி. "நாலாயிரம் கோட்டையும் மயிரிழை பிசகாம நகல் எடுத்துட்டாங்க. ஒண்ணுமே வரையாத இடத்துல மட்டும் தப்பு பண்ணிட்டாங்க."

"காகிதம் வேற காகிதமா இருக்கலாமே," என்றார் காப்பாளர். அதில் நியாயம் இருந்தது.

"இருக்கலாம். போட்டோ எடுத்த அறையைக் காட்டுங்க."

புகைப்பட அறை அலமாரியை விடக் கொஞ்சம் பெரியது. நடுவில் மேஜை, மேலே கேமரா, இரண்டு பக்கமும் இரண்டு விளக்குகள். அண்ணி இரண்டுக்கும் அடியில் தன் உள்ளங்கையை மாற்றி மாற்றி நீட்டினாள்.

"இடது பக்கம் கொஞ்சம் மங்கல்."

"அது போன வாரம் ப்யூஸ் போச்சு, மாத்தினோம்," என்றார் காப்பாளர். "அதே வாட்ஸ்தான். கம்பெனி மட்டும் வேற. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்."

"அந்த ப்ரோகிராம் கண்ணால பாக்கல."

"இவ்வளவு சின்ன மங்கலுக்குத் திரையே சிவப்பாகுமா? முப்பது படி மாறினாத்தான் சிவப்பாக்கும்னு விதி இருக்கு. அதுக்குக் கீழ இருந்தா விட்டுடும். இந்த மங்கல் மூணு படிகூட வராது."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். இங்கே ஒரு கடி வரவேண்டும். வழக்கமாக விளக்கு என்றால் அவனுக்குக் குறைந்தது மூன்று கடி வரும். அவன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு முப்பதாகுமா?" என்று அவனைக் கேட்டாள்.

"ஆகாது," என்றான். "ஆகக் கூடாது."

பிறகு மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போனான்.

தண்ணீர்க் குழாய் நடைக்கூடத்தின் கோடியில் இருந்தது. அதன் பக்கத்து பெஞ்சில் பசையம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மூடி போட்ட பசை ஜாடி. வேலைக்கு வந்தாலும் விசாரணைக்கு வந்தாலும் அது அவர் மடியில்தான்.

"உள்ள என்னப்பா நடக்குது?"

"அண்ணி பாத்துக்கிட்டு இருக்காங்க."

"உங்க அண்ணி என்னை நம்புறாங்களா?"

"அவங்க எங்க அண்ணனையே நம்ப மாட்டாங்க. சாப்பிட்டேன்னு சொன்னா தட்டைக் காட்டச் சொல்லுவாங்க."

பசையம்மா லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே காய்ந்துவிட்டது. "முப்பது வருஷம்பா. ஒரு கிழிசலை ஒட்ட ஒரு நாள் ஆகும். நார் நாரா எடுத்து வெச்சு, காய விட்டு, அப்புறம் அடுத்த நார். அவசரப்பட்டா சுருங்கிடும். நான் மூணு வாரம் பண்ணின வேலைக்கு ரெண்டு செகண்டுல ஒருத்தன் என்னைத் திருடின்னு சொல்லிட்டான். அதை எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா, பத்து விரலையும் சேர்த்து ஒட்டிடுவேன். சோறு ஊட்டத்தான் ஆள் வெக்கணும். என் பசை முப்பது வருஷம் தாங்கும்."

கொழுந்தன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். "தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கு," என்றான் சம்பந்தமில்லாமல்.

இரண்டு மணி நாற்பது. ஆமை 58 சதவீதம். அவன் நடைக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்த மடிக்கணினிக்கு முன் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல்வரை போனான், திரும்பினான். 58. எதிர் கட்டடத்தில் ஒருவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கண்ணாடியாக. அதைக்கூட அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரும்பி வந்தான். 59.

அதற்குள் அண்ணி நடைக்கூடத்தில் டேப்பை விரித்து, கதவிலிருந்து ஜன்னல்வரை அளந்தாள். பிறகு ஜன்னலிலிருந்து கதவுவரை அளந்தாள்.

"என்ன பண்றாங்க?" என்றார் காப்பாளர் கலவரத்தோடு.

"பதினெட்டு அடி நாலு அங்குலம்," என்றாள் அண்ணி. "திரும்பி வந்தாலும் பதினெட்டு அடி நாலு அங்குலம். ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒண்ணுதானே? மின்னல் தம்பி, உங்க ப்ரோகிராம் எதுலேருந்து எதைக் கழிக்குது?"

"பின்னால எடுத்ததுலேருந்து முன்னால எடுத்ததை."

"மாத்திப் போடுங்க."

"போட்டா அதேதான் வரும்."

"வரட்டுமே. ரெண்டு செகண்ட்தானே."

மின்னல் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றித் தட்டினான். ஒன்று. இரண்டு.

சிவப்பு போய்விட்டது.

திரையில் பழைய பழுப்புக் காகிதம் அமைதியாகப் படுத்திருந்தது. அங்கங்கே பொட்டு பொட்டாகக் கொஞ்சம் சிவப்பு. கீழே எண்: 1 சதவீதம்.

மின்னல் மறுபடி மாற்றினான். 94. மறுபடி. 1.

"மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்," என்றாள் அண்ணி. "நியாயம் தெரிஞ்ச ஒப்பீட்டுல யார் உடைச்சாலும் குடம் ஒண்ணுதான். உங்க ப்ரோகிராமுக்கு ஆளைப் பொறுத்துக் கணக்கு மாறுது. இது பொய் சொல்லுது. எப்படிச் சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. இவன் சொல்லுவான்."

எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். அவன் பேசியபோது குரல் மைதானத்து மைக்கைவிட்டுத் தள்ளி நின்று பேசுவது போலக் கேட்டது.

"ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சத்தையும் ஒரு சின்ன டப்பாவுல போட்டு வெப்பாங்க. பூஜ்ஜியத்துலேருந்து இருநூத்து அம்பத்தஞ்சு வரைக்கும்தான் அதுல கொள்ளும். மைனஸ்னு ஒண்ணு இருக்கறதே அந்த டப்பாவுக்குத் தெரியாது. முன்னால காகிதம் இருநூறு வெளிச்சம். விளக்கு மங்கினதால இப்போ நூத்துத் தொண்ணூத்தேழு. நூத்துத் தொண்ணூத்தேழுல இருநூறு போனா?"

"மைனஸ் மூணு," என்றார் காப்பாளர்.

"டப்பாவுக்கு மைனஸ் கிடையாதே. பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா பின்பக்கமா சுத்தி மேலேருந்து இறங்கும். மைனஸ் மூணு, இருநூத்து அம்பத்து மூணு ஆயிடும். மூணு படி மங்கல், இருநூத்து அம்பத்து மூணு படி வித்தியாசம்னு தெரியும். மை பட்ட இடம் ஏற்கெனவே இருட்டு, அங்க மங்கறதுக்கு ஒண்ணுமில்ல, அதான் சிவப்பாகல. ஆமை ஒவ்வொரு எண்ணையும் டப்பாலேருந்து வெளிய எடுத்து, தொடச்சு, அப்புறம் கழிக்கும். அதுக்கு மைனஸ் தெரியும். அதனாலதான் அது தப்பு பண்ணல. அதனாலதான் லேட்டும். புதுசு டப்பாவோடயே கழிச்சிடும். கழிக்கறதுக்கு முன்னாடி பெரிய டப்பாவுக்கு மாத்தணும். ஒரே ஒரு வரி. எழுதினவன் விட்டுட்டான்."

மின்னல் எழுந்து நின்றான். கேடயத்தைக் குப்புறக் கவிழ்த்தான்.

"நான் எழுதல," என்றான். "நெட்ல எடுத்தேன். பெரிய நிபுணர் ஒருத்தர் போட்டது. 'லூப்புக்கு லீவு'ன்னு ஒரு பக்கம். அப்படியே எடுத்து ஒட்டினேன்."

"ஒட்டற வேலை செஞ்சது நீங்களா," என்றாள் அண்ணி. "மாட்டினது அவங்களா."

மூன்று மணி முப்பத்தைந்துக்கே குழுத் தலைவர் வந்துவிட்டார். கையெழுத்துப் போடுகிற பேனாவைச் சட்டைப் பையில் இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வருகிற ஆள். அண்ணி சொன்னதை முழுவதும் கேட்டார். மின்னல் காட்டிய பக்கத்தையும் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் படிச்சிருக்காங்க," என்றார். "எழுதினவர் பேர் லூப்பாண்டியாம். கீழ எல்லாரும் நன்றி நன்றின்னு போட்டிருக்காங்க. ஒருத்தர்கூடத் தப்புன்னு சொல்லல. இந்தப் பக்கம் நாற்பதாயிரம் பேர். அந்தப் பக்கம் ஒரு இன்ச் டேப். நான் யாரை நம்பறது?"

"ஆமை இன்னும் கொஞ்ச நேரத்துல..."

"பழைய ப்ரோகிராம் பழசுன்னுதானே மாத்தினோம். அந்த நிபுணரே வந்து 'நான் எழுதினது தப்பு'ன்னு சொல்லட்டும், புகாரைக் கிழிச்சுப் போட்டுடறேன். நாலு மணி வரைக்கும் டைம்." கதவு சாத்தப்பட்டது.

நடைக்கூடத்தில் அண்ணியும் கொழுந்தனும் மட்டும். மணி மூன்று நாற்பத்தாறு. அண்ணி டேப்பை இழுக்கவில்லை.

"பன்னிரண்டு அம்பத்தஞ்சுக்கு அப்புறம் நீ ஒரு ஜோக்கும் அடிக்கல," என்றாள்.

"தண்ணி ஒத்துக்கல."

"அஞ்சு தடவை குடிச்ச. விளக்கைப் பாத்து வாயைத் திறக்கல. உங்க அண்ணன் கல்யாணத்துல மண்டபத்து விளக்கைப் பத்தியே அரை மணி நேரம் பேசினவன் நீ. மாமியார், மருமகள்ங்கற பேரைப் பாத்ததும் உனக்கு வாய் அடைச்சுப் போச்சு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, உங்கம்மாவும் நானும் சமையக்கட்டுல போட்ட சண்டையை நீ கதவுக்கு வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டே ஏதோ டைப் அடிச்சுக்கிட்டு இருப்ப. அப்பவே கேட்டேன், என்னடா எழுதறேன்னு. 'ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு கண்டுபிடிக்கற ப்ரோகிராம்'னு சொன்ன."

கொழுந்தன் சுவரில் சாய்ந்தான்.

"காலேஜ் கடைசி வருஷம் அண்ணி. ரெண்டு படத்துல ஓட்டிப் பாத்தேன், சரியா வந்துச்சு. போட்டுட்டேன். அந்த ரெண்டு படத்துலயும் பின்னாடி எடுத்தது வெளிச்சம் அதிகம். அதனால மாட்டல." நிறுத்தினான். "பேரைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் எழுதினது சரின்னா அந்தம்மா திருடி. அவங்க நல்லவங்கன்னா நான் முட்டாள். ரெண்டுல ஒண்ணுதான். ரெண்டு மணி நேரமா... அவங்க திருடியா இருந்துடக் கூடாதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பெஞ்சுல அவங்க பக்கத்துல நின்னுக்கிட்டே நினைச்சேன்."

சாம்பலைக் கிளறிய வருடங்களில், தீ வைத்தவர்கள் பலரை அவள் பார்த்திருக்கிறாள். தீப்பெட்டியைத் தானாக நீட்டியவர்கள் குறைவு.

"வேலை தேடிக்கிட்டு இருக்கேன் அண்ணி. அந்தப் பக்கத்தைத்தான் எல்லாருக்கும் காட்டறேன். நாற்பதாயிரம் பேர் படிச்சதுன்னு."

"தெரியும்."

"உள்ள போய்ச் சொன்னா..."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அண்ணி. "கதவு அதோ இருக்கு. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் பதினெட்டு அடிதான்."

மூன்று ஐம்பத்தொன்று. கொழுந்தன் அந்தப் பதினெட்டு அடியை நடந்தான்.

உள்ளே தலைவர் பேனா மூடியைத் திறந்திருந்தார். பசையம்மா எதிரில் நின்றிருந்தார், ஜாடியோடு.

"நிபுணரைக் கேட்டீங்களே சார்," என்றான் கொழுந்தன். "லூப்பாண்டி நான்தான்."

தலைவர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏமாற்றத்தை அவர் முகம் ஒளிக்கவில்லை. "அதுக்கு என்ன ஆதாரம்?"

அவன் மின்னலின் கணினிக்கு முன் உட்கார்ந்தான். தன் பக்கத்தைத் திறந்தான், ரகசியச் சொல்லைத் தட்டினான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பதாயிரம் பேர் படித்த அந்தப் பாடத்தின் தலையில் ஒரு வரி எழுதினான்: 'கீழே உள்ளது தவறு. எழுதியவனுக்கு மைனஸ் என்று ஒன்று இருப்பது மறந்துவிட்டது. யாரும் பயன்படுத்த வேண்டாம்.' 'வெளியிடு' என்பதை அழுத்தப்போன விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தியது. அதன்பின், ப்ரோகிராமில் விட்டுப்போன அந்த ஒரு வரியையும் சேர்த்து ஓட்டினான். ஒன்று. இரண்டு.

0.4 சதவீதம். நாலே நாலு இடத்தில் மெல்லிய சிவப்புக் கீற்று. கிழிந்திருந்த நாலு இடங்கள்.

படங்களை மாற்றிப் போட்டான். 0.4.

தலைவர் புகாரை இரண்டாகக் கிழித்தார். பிறகு, பேனாவைத் திறந்தது வீணாகப் போகக் கூடாது என்பது போல, விளக்கை மாற்றும்படி ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் நடைக்கூடத்திலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆமை வந்து சேர்ந்திருந்தது. அண்ணி மடிக்கணினியை ஏந்திக்கொண்டு கதவில் நின்றாள். 0.4 சதவீதம்.

"எட்டு நிமிஷம் லேட்," என்றாள். "ஆனா அது யாரையும் திருடின்னு சொல்லல."

பசையம்மா கொழுந்தன் பக்கம் திரும்பினார். அறையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

"கையைக் காட்டு."

அவன் பேண்ட் பையிலிருந்து கைகளை எடுத்து நீட்டினான். பசையம்மா அவற்றைக் கிழிந்த ஓரத்தைப் பார்ப்பது போலக் கிட்டத்தில் பார்த்தார். ஜாடியின் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். மறுபடி இறுக்கி மூடினார். மூடின ஜாடியை அந்தப் பத்து விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

"பஸ் நிறுத்தம் வரைக்கும் தூக்கிட்டு வா. ரெண்டு மாடி இறங்கணும். ஒவ்வொரு படியா இறங்கு."

"லிஃப்ட் இருக்கே அம்மா," என்றார் காப்பாளர்.

"அவன் படியில வருவான்."

நாற்பத்து நாலு படிகள். கொழுந்தன் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படியைப் பார்த்து, இறங்கினான். எதையும் தாண்டவில்லை. பின்னால் அண்ணியின் டேப் சர்ரென்று இழுபட்டு, டக்கென்று சுருண்டது.

பதினேழாவது படியில் அவனுக்கு ஒரு ஜோக் தோன்றியது. கீழே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டான்.